ஒரு சதவீதத்துக்கும் குறைவான வீடு

"அப்பா, சூரியன் எத்தனை நாள் சேர்ந்தாப்பல லீவு போடும்?"

மெத்தைக்காரரின் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஒன்பது வயது. பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கிப் பிடித்து, வயிற்றில் தானே ஊசி போட்டுக்கொண்டே கேட்டாள். நல்ல கேள்வி. மெத்தைக்காரரும் தைத்துக்கொண்டிருந்த தலையணையை மடியில் வைத்துவிட்டு, யோசித்து, நியாயமான பதிலைச் சொன்னார்.

"ரெண்டு நாள் போடும். மூணாம் நாள் எப்படியும் கொஞ்சமாவது எட்டிப் பார்க்கும்."

"அப்ப ரெண்டு நாளைக்குச் சேர்த்து வெச்சா போதும்ல?"

"போதும்."

விஷயம் இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இந்த ஒரே கேள்விக்காக அரசாங்கம் ஐந்து மாடிக் கட்டடம் கட்டி, அதற்குள் நாற்காலிகளைப் போட்டு, நாற்காலிகளுக்குள் ஆட்களையும் போட்டு வைத்திருக்கிறது என்பது அப்பாவுக்கும் மகளுக்கும் தெரியாது.

அவர்களுடைய வீடு பழைய கல்குவாரியின் விளிம்பில் இருந்தது. வாடகை குறைவு, காற்று அதிகம், மின்சாரம் கிடையாது. கம்பம் சரிவின் அடியில் இருக்கும் பால்கடையோடு நின்றுவிட்டது. அதற்குமேல் பாறை, கம்பம் நடமுடியாது என்று சொல்லிவிட்டார்கள். பாறையில் வீடு நிற்கும்போது கம்பம் மட்டும் ஏன் நிற்காது என்று மெத்தைக்காரர் கேட்கவில்லை. அவர் அதிகம் கேட்கிறவர் அல்ல.

மகளுக்கு இன்சுலின் இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. இன்சுலினுக்குக் குளிர் இல்லாமல் அந்தத் தகரக் கூரைக்கடியில் ஒரு வாரமும் ஓடாது. ஒரு கோடையில் மண்பானைக்குள் வைத்துப் பார்த்தார்கள். மருந்து பார்வைக்கு அப்படியேதான் இருந்தது. ஆனால் சக்தி போய்விட்டிருந்தது. பிள்ளை பேச்சுமூச்சில்லாமல் விழுந்து, ஆஸ்பத்திரியில் கண்விழித்தாள். அதிலிருந்து மருந்து பால்கடை அக்காவின் ஃபிரிட்ஜில், தயிர் டப்பாக்களுக்குப் பின்னால், வலது மூலையில் குடியிருந்தது. காலையும் மாலையும் மெத்தைக்காரர் சரிவில் இறங்கி ஏறினார். அக்கா கடை திறக்குமுன்பே ஊசி போட வேண்டியிருந்ததால், ஷட்டர் சாவி ஒன்றை அவரிடமே கொடுத்துவிட்டாள். "எனக்குத் தூக்கம் முக்கியம் தம்பி. நீயே தெறந்து எடுத்துக்க" என்றாள். சாவி கொடுத்ததற்கு அவள் சொன்ன காரணம் அவ்வளவுதான்.

ஆகவே வீட்டிலேயே ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வேண்டும் என்று முடிவாயிற்று. கூரைமேல் சோலார் பலகை. ராத்திரிக்கும் மேகத்துக்கும் பேட்டரி.

சோலார் கடைக்காரர் ஓர் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்.

"சின்ன ஃபிரிட்ஜ், ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன். ஒரு நாளைக்கு ஒரு யூனிட் ஆகும். வெயில் இல்லாத ரெண்டு நாளைக்கு ரெண்டு யூனிட். ஆனா பேட்டரியை அடி வரைக்கும் உறிஞ்சக் கூடாது, பாதியோட நிறுத்திடணும், இல்லன்னா சீக்கிரம் செத்துரும். அதனால நாலு யூனிட் பிடிக்கணும். ஒரு பேட்டரி ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல பிடிக்கும். நாலு பேட்டரி." பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஆறா எடுத்துக்கங்களேன், மனசுக்கு நிம்மதியா இருக்கும்" என்றார்.

"நிம்மதியை நாங்க வேற கடையில வாங்கிக்கிறோம். நாலு குடுங்க" என்றாள் மெத்தைக்காரரின் மனைவி.

"குடுக்க முடியாதே. வீட்டு உபயோகத்துக்குன்னா ஆணையத்துல அளவு போட்டுக் குடுக்கணும். அது இல்லாம வித்தா என் கடையைப் பூட்டிருவாங்க."

தற்சார்பு மின்சேமிப்பு ஆணையம் என்பது அதன் முழுப்பெயர். மக்கள் யாருடைய தயவும் இல்லாமல் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அப்படி நிற்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் அங்கே வந்து வரிசையில் நிற்க வேண்டும். கடவுள் வெயிலைக் கொடுக்கும்போது யாரிடமும் விண்ணப்பம் கேட்டதில்லை. அந்தக் குறையை ஆணையம் நிவர்த்தி செய்துவந்தது.

கட்டடத்தின் நுழைவாயிலில் பெரிய கண்ணாடிப் பெட்டி. உள்ளே இருபது பேட்டரிகள் துடைத்துப் பளபளவென்று அடுக்கி, சிவப்பு நாடா கட்டி வைக்கப்பட்டிருந்தன. 'மாதிரி' என்று எழுதியிருந்தது. மெத்தைக்காரர் அதைப் பார்த்ததும் சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்று நிம்மதியானார்.

முதலில், ஒரு வீட்டுக்கு எவ்வளவு கரண்டு ஆகும் என்று கணக்கிடும் லோடு பிரிவு. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துத் தொங்கவிட்ட ஓர் அம்மா இருந்தார்.

"வீட்டுல என்னென்ன சாமான் இருக்கு?"

"ஃபிரிட்ஜ் வாங்கணும்மா. ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன்."

"இஸ்திரிப் பெட்டி?"

"கரி போடுற பெட்டி இருக்கும்மா."

"கரண்டு வந்தா கரண்டுப் பெட்டி வாங்குவீங்கல்ல?"

"வாங்க மாட்டேம்மா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க." எழுதிக்கொண்டார். "விருந்தாளிங்க?"

"யாரும் வர மாட்டாங்கம்மா. மேடு ஏறணும்."

"மாமியார்?"

"அவங்க வந்தாலும் இருட்டுறதுக்கு முன்னாடி படுத்துருவாங்க."

"வயசானவங்க ராத்திரில நாலு தடவை எந்திரிப்பாங்க. விழுந்து இடுப்பு உடைஞ்சா யாரு பதில் சொல்றது?" மாமியாருக்கென்று தனியாக மூன்று விளக்குகள் எழுதப்பட்டன. "மெத்தை தைக்கிற மெஷின்?"

"நான் கையாலதான் தைக்கிறேன்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். "கடைசி வரைக்கும் கையாலதானா? முன்னேற மாட்டீங்களா?"

மெத்தைக்காரர் வெட்கத்துடன் தலைகுனிந்துகொண்டார். அவருடைய முன்னேற்றம் இரண்டு குதிரைசக்தி என்று மதிப்பிடப்பட்டது. ஒரு யூனிட் வீடு ஒன்பது யூனிட் வீடாகி மாடியேறியது.

மேலே மேகப் பிரிவு. சூரியன் வராத நாட்கள் எத்தனை என்று நிர்ணயிப்பது அதன் வேலை. அறையில் ஒரு ஜன்னல் இருந்தது. அதை மறைத்து அலமாரி வைத்திருந்தார்கள். கட்டடமே மேகம் சார் என்று கூப்பிடும் அதிகாரி, டியூப்லைட் வெளிச்சத்தில் விரல்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு நாள்னு சொல்றீங்க. யார் சொன்னது?"

"நாங்க அங்கதான் சார் இருக்கோம். பார்த்ததுதான்."

"பார்த்ததா!" என்றார் மேகம் சார், ஒரு குழந்தையிடம் பேசுவதுபோல. "பார்க்கிறது வேற, தரவு வேற. பார்க்கிறதையெல்லாம் ஒத்துக்கிட்டா எங்க பிரிவு எதுக்கு?" பின்னாலிருந்த தடித்த புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். "நாப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவை, சேர்ந்தாப்பல பதினோரு நாள் மேகம் இருந்திருக்கு."

"இங்கயா சார்?"

"கடல்ல."

"கடல் ரொம்பத் தூரமாச்சே சார்."

"மேகத்துக்குக் கால் இருக்கா, வலிக்குதுன்னு பாதியில நிக்க? கடல்ல இருந்த மேகம் உங்க வீட்டுக்கு வராதுன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

மெத்தைக்காரரால் எழுதிக் கொடுக்க முடியவில்லை. மேகங்களின் சார்பில் கையெழுத்துப் போடும் அளவுக்கு அவருக்கு அவற்றோடு பழக்கமில்லை. பதினோரு நாள் என்று ஆயிற்று.

அடுத்து நான்கு மேசைகள். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கோப்பு எந்த மேசையைக் கடந்தாலும், அதில் இருக்கும் அளவு கால் பங்கு கூட வேண்டும். பாதுகாப்புச் சேர்க்கை என்று பெயர். கையெழுத்துக்கு மேலே சேர்க்கை, சேர்க்கைக்குக் கீழே கையெழுத்து. சேர்க்கை இல்லாமல் ஒருவர் கையெழுத்துப் போட்டால், அன்று அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று மற்றவர்கள் வந்து விசாரிப்பார்கள்.

"ஏற்கெனவே நிறையச் சேர்ந்திருக்கு சார்" என்று முதல் மேசையில் மெல்லச் சொல்லிப் பார்த்தார் மெத்தைக்காரர்.

"உள்ள வந்த அளவே வெளிய போனா, நடுவுல நான் எதுக்கு உக்காந்திருக்கேன்னு மேல கேப்பாங்கய்யா" என்றார் அங்கிருந்தவர், ஒளிவுமறைவில்லாமல்.

இரண்டாம் மேசைக்காரர் இன்னும் தெளிவானவர். "குறைச்சுப் போட்டு ஏதாவது ஆச்சுன்னா என்னைக் கேப்பாங்க. கூட்டிப் போட்டு ஏதாவது ஆச்சுன்னா உங்களைக் கேப்பாங்க. அப்ப நான் எதைப் போடுவேன்? நீங்களே சொல்லுங்க."

மூன்றாமவர், முதல் இருவரும் சேர்த்திருக்கும்போது தான் சேர்க்காவிட்டால் அவர்களை அவமதித்தது போலாகும் என்றார். நான்காமவர் தொலைபேசியில் தம் மச்சினனோடு பேசிக்கொண்டே, கோப்பைத் திறக்காமலேயே சேர்த்தார்.

நாலு பேட்டரி நானூற்று மூன்று பேட்டரியாக வெளியே வந்தது.

அன்று வீடு திரும்பும் வழியில் பால்கடைத் தெரு முழுக்கக் கெட்டுப்போன பாலின் வாடை அடித்தது. காலையிலேயே டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டதாம். அக்காவின் பழைய இன்வர்ட்டர் கொஞ்ச நேரத்திலேயே கண்ணை மூடிவிட்டது. அக்கா கடைவாசலில் வாளிவாளியாகத் தயிரைச் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தாள். மெத்தைக்காரர் வாளிகளைத் தாண்டி வந்து அவள் முன்னால் நின்றார்.

"மருந்து?"

"உள்ள போய்ப் பாரு."

பெஞ்சின்மேல் ஒரு தெர்மகோல் பெட்டி. சுற்றிலும் ஐஸ். நடுவில், ஐஸ் நேராகப் பட்டு உறைந்துவிடாதபடி துண்டில் சுற்றி, மருந்து டப்பா. அக்கா ஊர் முழுக்க அலைந்து ஐஸ் வாங்கி, உருக உருக மாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பாலுக்கும் வெச்சிருக்கலாமேக்கா இந்த ஐஸை."

"எல்லா எடத்துலயும் கரண்டு போச்சு, எல்லாரும் ஐஸுக்கு அலையிறாங்க. கெடச்சது ஒரு பெட்டிக்குத்தான். பாலா மருந்தான்னு உக்காந்து யோசிக்கவா சொல்ற?"

மெத்தைக்காரரின் கை சட்டைப்பைக்குப் போயிற்று.

"பைக்குள்ள விட்ட கையை அப்படியே உள்ளயே வெச்சுக்க. வெளிய எடுத்தே, வாளியாலயே போடுவேன்" என்றாள் அக்கா. "பாப்பாவுக்கு நேரமாச்சு. ஓடு."

அவர் ஓடினார். அவர் பட்டிருந்த கடன்களிலேயே திருப்பிக் கொடுக்க வழி தெரியாத கடன் அது ஒன்றுதான்.

இதற்கிடையில் ஆணையத்தில் கோப்பு கட்டடப் பிரிவுக்குப் போயிருந்தது. நானூற்று மூன்று பேட்டரியைக் கட்டிலுக்கடியில் வைக்க முடியாது என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். கூடம் வேண்டும். பேட்டரியிலிருந்து வாயு வரும். வெளியேற்ற மின்விசிறிகள் வேண்டும். பேட்டரிக்குச் சூடு ஆகாது, ஏசி வேண்டும். ஏசி உள்ள கூடத்துக்குக் காவலாளி வேண்டும். காவலாளிக்கு விளக்கு வேண்டும். தீ பிடித்தால் அணைக்க மோட்டார் வேண்டும். ஆக, கூடத்துக்கு மட்டும் நாளொன்றுக்கு ஐம்பது யூனிட்.

"லோடு மாறிடுச்சுல்ல, ஃபைல் மறுபடி கீழ போகும்" என்றார் கட்டடப் பிரிவு என்ஜினியர்.

கீழே போயிற்று. ஐம்பத்தொன்பது யூனிட் வீடாக மறுபடி மேகத்துக்கு ஏறி, நான்கு மேசைகளையும் கடந்து, இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் பேட்டரியாகக் கட்டடப் பிரிவுக்கு வந்தது. அவர்கள் கூடத்தைப் பெரிதாக்கினார்கள். பெரிய கூடத்துக்குப் பெரிய ஏசி. பெரிய ஏசிக்கு இன்னும் பேட்டரி. இன்னும் பேட்டரிக்கு இன்னும் கூடம். கோப்பு ஏறி இறங்கியது. மெத்தைக்காரரும் கூடவே ஏறி இறங்கினார். அவருக்கு அது பழக்கம்தான். வீட்டிலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

"முடிவா எவ்வளவுதான் ஆகும் சார்?" என்று ஒருநாள் கேட்டார்.

"முடிவு வராதுய்யா" என்றார் என்ஜினியர், பெருமையும் கவலையும் கலந்த குரலில். "இப்படி ஒரு ஃபைல் நாங்க பார்த்ததே இல்லை."

மனைவி வீட்டில் கேட்டாள்: "ஏங்க, நாலு பேட்டரி என்னங்க ஆச்சு?"

"அது போன மாசம். இப்ப காவலாளிக்குக் கக்கூஸ் கட்டுறதுல நிக்குது."

"நம்ம வீட்டுக்கா?"

"நம்ம வீட்டைப் பத்தி யாரும் இப்பல்லாம் பேசுறதில்ல."

அவள் சிரிக்க ஆரம்பித்து, மகள் பஞ்சு மூட்டையில் சுருண்டு படுத்திருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அந்த மாதம் இருமுறை அடைமழையில் சரிவில் இறங்க முடியாமல் மாலை ஊசி தாமதமாகியிருந்தது.

இறுதியில் ஆணையத் தலைவரே கூட்டம் கூட்டினார். நீண்ட மேசை, குளிர்ந்த அறை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். மனுதாரர் என்ற முறையில் மெத்தைக்காரருக்கும் சுவரோரமாக ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். தலைவர் எழுந்தார். நல்ல உயரம், நல்ல குரல். மேடையில் பேசுவது போலவே எப்போதும் பேசுவார். சாப்பிட்டாயா என்று மனைவியைக் கேட்பதும் அப்படித்தான் என்று சொல்வார்கள்.

"நண்பர்களே! ஒரு வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பது சாதாரண விஷயம். எந்தக் கடைக்காரனும் கொடுத்துவிடுவான். நாம் வீட்டுக்குக் கொடுக்கவில்லை. ஒரு கொள்கைக்குக் கொடுக்கிறோம். வீடு இன்றிருக்கும், நாளை இடியும். கொள்கை நிற்கும். நம்மைக் குறை சொல்கிறவர்கள் கேட்கிறார்கள், இத்தனை ஆண்டுகளில் ஆணையம் எத்தனை வீடுகளில் விளக்கேற்றியது என்று. நான் திருப்பிக் கேட்கிறேன்: நம்மால் எந்த வீட்டிலாவது விளக்கு அணைந்ததுண்டா? ஏற்றினால்தானே அணையும்!"

பலத்த கைதட்டல். அந்தக் கைதட்டலின் நடுவே கரண்டு போயிற்று.

கும்மிருட்டு. ஏசி பெருமூச்சு விட்டு நின்றது. யாரும் எழுந்திருக்கவில்லை. நாற்காலிகள் மட்டும் கொஞ்சம் கிறீச்சிட்டன.

"சார்" என்று ஸ்டூலிலிருந்து ஒரு குரல் வந்தது. "கீழ கண்ணாடிப் பெட்டியில இருபது பேட்டரி இருக்கேங்க. அதைப் போட்டுக்கலாமே?"

இருட்டில் இரண்டு மூன்று பேர் தொண்டையைச் செருமினார்கள். யாரோ விரசமாகப் பேசிவிட்டால் பெரிய மனிதர்கள் செருமும் செருமல்.

"அது மாதிரிக்கு வெச்சது" என்றார் மேகம் சார்.

"உபயோகிச்சா தீர்ந்துடும்ல" என்றது இன்னொரு குரல்.

"சேமிப்பு என்றால் என்ன?" என்று இருட்டிலிருந்து தலைவர் முழங்கினார். "செலவழிக்காதது! செலவழித்த அந்த நிமிடமே அது சேமிப்பு இல்லை. இந்த எளிய உண்மை புரியாதவர்கள் கையில் பேட்டரியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்!"

மெத்தைக்காரருக்கு இருட்டில் கொஞ்சம் தைரியம் வந்தது. முகம் தெரியாதபோது அவருக்குப் பேச்சு வரும். "சார், எம் பொண்ணுக்கு மருந்து குளுமையா இருக்கணும். அவ்வளவுதான் சார் எனக்கு வேணும். மருந்து கெட்டுச்சுன்னா பொண்ணு போயிருவா. கொள்கையெல்லாம் எனக்குத் தெரியாது."

"அவர் சொல்றது உணர்ச்சி" என்று லோடு பிரிவு அம்மா பக்கத்திலிருப்பவருக்கு விளக்கினார். "உணர்ச்சிக்கு நம்ம அட்டவணையில யூனிட் கிடையாது."

வியர்க்கத் தொடங்கியது. வியர்வை முடிவெடுக்க வைக்கும். துணைத்தலைவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே ஒரு வழி சொன்னார். கோப்பு சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணம் லோடு கூடிக்கொண்டே போவது. எனவே எதையாவது குறைக்க வேண்டும். கூடத்தைக் குறைக்க முடியாது, விதிப்படி திட்டமிட்டது. காவலாளியைக் குறைக்க முடியாது. ஆள் நியமித்தாகிவிட்டது, துணைத்தலைவரின் ஊர்க்காரன். ஏசியைக் குறைத்தால் பேட்டரி கெடும். அப்படியானால் மிச்சம் என்ன?

"வீடு" என்றார் என்ஜினியர்.

வாங்காத இஸ்திரிப் பெட்டியும், வராத மாமியாரும், நடக்காத முன்னேற்றமும் முதலில் நீக்கப்பட்டன. வீடு மறுபடி ஒரு யூனிட்டுக்கு வந்து நின்றது. கூடம் அதற்குள் நூறு யூனிட்டைத் தாண்டியிருந்தது. மொத்தத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதைப் பூஜ்ஜியமாகக் கொள்ளலாம் என்று விதி இருந்தது. எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள். கரண்டும் வந்தது. தலைவர் அதை ஒரு நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டார்.

ஆணை இப்படி இருந்தது: மனுதாரர் குடியிருப்பின் அருகில் ஆணையம் தன் செலவில் மின்சேமிப்புக் கூடம் கட்டும். கூடத்தின் மின்சாரம் கூடத்தைக் குளிரவைக்கவும் காக்கவும் பயன்படும். மனுதாரர் வீட்டின் தேவை பூஜ்ஜியம். ஆணையத்தைப் பொறுத்தவரை அந்த வீட்டில் மின்சார உபயோகம் இல்லை.

மெத்தைக்காரர் அந்தத் தாளை மடித்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் சோலார் கடைவாசலில் உட்கார்ந்துவிட்டார். தேடி வந்த மனைவி தாளை வாங்கிக் கடைக்காரரிடம் நீட்டினாள்.

"என்னவோ பூஜ்ஜியம்னு போட்டிருக்காங்க. எங்க வாழ்க்கையைச் சொல்றாங்களா?"

கடைக்காரர் ஒருமுறை படித்தார். தலையைச் சொறிந்தார். மறுபடி படித்தார். பிறகு கதவுப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இங்க பாருங்கம்மா, வீட்டுல உபயோகிக்கிறவங்களுக்குத்தான் அனுமதி இல்லாம விக்கக் கூடாது. உங்க வீட்டுல உபயோகமே இல்லன்னு அவங்களே முத்திரை குத்திக் குடுத்துட்டாங்க. உபயோகிக்காதவங்களுக்கு நான் பேட்டரி வித்தா யாரு என்ன கேக்கிறது?"

மெத்தைக்காரர் எழுந்து நின்றார்.

"ஆறா போடட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"நாலு" என்றாள் அவள்.

மெத்தை ஏற்றும் தள்ளுவண்டியில் சின்ன ஃபிரிட்ஜும் சோலார் பலகையும் நான்கு பேட்டரிகளும் சரிவேறின. அடுத்த நாள் மாலையே மருந்து டப்பா பால்கடையிலிருந்து வீட்டுக்கு வந்தது. சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "வெச்சுக்க, என் சாவி தொலைஞ்சா உன்கிட்டதான் வருவேன்" என்று சொல்லிவிட்டாள் அக்கா.

ஆணையத்தின் கூடமும் குவாரிக்கு அந்தப்பக்கம் எழும்பியது. கம்பம் நடமுடியாத பாறையில் அஸ்திவாரம் போட்டார்கள். திறப்பு விழாவில் தலைவர் பேசினார்: "இந்தக் கூடம் யாரிடமும் எதையும் வாங்காது. யாருக்கும் எதையும் கொடுக்காது. இதுவே முழுமையான தற்சார்பு!" வேடிக்கை பார்க்க மெத்தைக்காரரின் குடும்பமும் போயிருந்தது. கூட்டத்துக்கு ஆள் குறைந்ததால் அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். கூடம் இன்றும் இருக்கிறது. பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவெல்லாம் தன்னைத் தானே குளிரவைத்துக்கொண்டு, உறுமிக்கொண்டே இருக்கிறது. காவலாளி மட்டும் குளிர் தாங்காமல் வெளியே வந்து உட்கார்ந்திருப்பார்.

புயல் வந்தது அந்த வருடக் கடைசியில்.

காலையில் பார்த்தால் சரிவின் கீழே கம்பங்கள் முறிந்து தெருவில் கிடந்தன. பால்கடை பூட்டியிருந்தது. அக்கா தன் மகளின் பிரசவத்துக்காக நகரத்துக்குப் போயிருந்தாள். போவதற்கு முன்தினம்தான் ஃபிரிட்ஜ் நிறையச் சரக்கு இறக்கியிருந்தாள். மரங்கள் விழுந்து பஸ் ஓடவில்லை. வானம் தார்ப்பாய் போட்டு மூடினாற்போல் இருந்தது. சூரியன் லீவு போட்ட முதல் நாள்.

மெத்தைக்காரர் பேட்டரிகளைப் பார்த்தபடி நின்றார். பிறகு கூரையைப் பார்த்தார். பிறகு கீழே, பால்கடைப் பக்கம் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தாள்.

"ரெண்டு எடுத்தா எப்படிங்க கணக்கு?"

"மிச்சம் ரெண்டுல ஒரு நாள்தான் ஓடும்."

"லைட்டும் ஃபேனும் போடாம, ஃபிரிட்ஜ் மட்டும்னா?"

அவர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். "ரெண்டு நாள் தாங்கும்."

"அப்ப இருட்டுல இருந்துக்கலாம். இத்தனை வருஷம் இருந்தோம்ல, பழக்கம் விட்டா போயிருச்சு?" என்று சொல்லிவிட்டு, அவள் உள்ளே போய்த் தார்ப்பாயை எடுத்துவந்து வண்டியில் போட்டாள்.

மழையில் தள்ளுவண்டி அவரை இழுத்துக்கொண்டு இறங்கியது. குதிகாலை ஊன்றி ஊன்றிப் பிடித்துக்கொண்டார். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஷட்டரை முக்கால்வாசி மட்டும் தூக்கி, குனிந்து உள்ளே போனார். அக்காவின் செத்துப்போன பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்தார். சோலார் கடைக்காரர் வீட்டில் செய்ததை நினைத்து நினைத்து, சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் முடுக்கினார். இன்வர்ட்டர் ஒருமுறை முனகியது. ஃபிரிட்ஜ் உடம்பைக் குலுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

குளிர் எவ்வளவு மிச்சம் இருக்கிறதென்று பார்க்கக் கதவைத் திறந்தார். பாக்கெட்டுகள் இன்னும் சில்லென்று இருந்தன. தயிர் டப்பாக்களை நகர்த்தினார். பின்னால், வலது மூலையில், இன்னும் பிரிக்காத மருந்து டப்பா ஒன்று இருந்தது. அவர் மகளுடையது அல்ல. அதன் மேல் ஒட்டிய தாளில் அக்காவின் கோணல் எழுத்தில் வேறொரு பிள்ளையின் பெயர் இருந்தது. மூலை காலியான உடனே அவள் யாரையோ குடிவைத்திருக்கிறாள்.

மெத்தைக்காரர் தயிர் டப்பாக்களை இருந்தபடியே அடுக்கிவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினார்.

வீட்டில் இரண்டு நாளும் விளக்கு ஏற்றவில்லை. மகள் இருட்டில் விரலால் தடவித் தடவி ஊசி போட்டுக்கொண்டாள். ஒருமுறைகூடத் தவறவில்லை. மூன்றாம் நாள் மதியம் சூரியன் கொஞ்சமாக எட்டிப் பார்த்தது. கீழே கம்பங்களை நிமிர்த்தும் சத்தமும், பிறகு தெருவில் யாரோ "கரண்டு வந்துருச்சு!" என்று கத்துவதும் கேட்டன. மரம் வெட்டுகிறவர்களின் பின்னால் முதல் பஸ் வரப்போவதாகவும் சொன்னார்கள்.

அக்கா அதிலேயே வந்துவிடலாம். அதற்குள் மெத்தைக்காரர் இறங்கிப் போய்விட்டார். எல்லாரும் சாலைப்பக்கம் பஸ்ஸை வேடிக்கை பார்க்கப் போயிருந்தார்கள். தம் பேட்டரிகளைக் கழற்றி வண்டியில் ஏற்றினார். அக்காவின் பழைய பேட்டரியை அதே இடத்தில், அதே தூசியோடு மாட்டினார். ஃபிரிட்ஜ் நேர்க் கரண்டில் ஓடியது. தரையில் அவருடைய சேற்றுக்கால் தடம் வாசலிலிருந்து ஃபிரிட்ஜ்வரை போய்த் திரும்பியிருந்தது. மூலையில் கிடந்த சாக்கை எடுத்து, பின்னால் நகர்ந்து நகர்ந்து, ஒவ்வொரு தடமாகத் துடைத்தார். கடைசித் தடத்தை வாசற்படிக்கு வெளியே குந்தி உட்கார்ந்து, கையை உள்ளே நீட்டித் துடைத்துவிட்டு, ஷட்டரை இறக்கினார்.

மறுபடி தூறல் ஆரம்பித்திருந்தது. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடேற, பின்னால் சேற்றில் விழுந்த சக்கரத்தடத்தை மழை அழித்துக்கொண்டே வந்தது.